ஆர்வில் ஊற்றிய தண்ணீர்

அமெரிக்காவின் லகோட்டா பழங்குடிக்காரரான ஆர்வில் வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். ஞாயிறு மதியம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வியர்வைக் குடிலில், பழுக்கக் காய்ந்த கற்கள்மேல் தண்ணீர் ஊற்றி, ஆவி எழுப்பி வழிபாட்டை நடத்துவார். லகோட்டாக்களிடம், தண்ணீர் ஊற்றுகிறவரின் இடத்தில் யாரும் தானாகப் போய் உட்கார்ந்துவிட முடியாது. நெருப்பைக் காத்து, கல் சுமந்து, கடைசியில் பெரியவர்கள் "இனி நீ ஊத்து" என்று சொல்ல வேண்டும். ஆர்வில் பதினாறு வருஷம் கல் சுமந்தவர்.

அதனால்தான் பிரென்ட் என்ற அந்த நகரத்து ஆளைப் பார்த்ததுமே அவருக்கு அருவருப்பு தட்டியது. கழுத்தில் பிளாஸ்டிக் கரடி நகம், முகம் முழுக்கப் பல். இழுத்துக்கொண்டு வந்தவன் ஆர்விலின் மச்சான் டெல்மர்.

"மச்சான், இவரும் நகரத்துல குடில் நடத்துறாராம். ரெண்டு நாள் வகுப்பு, சான்றிதழே குடுத்திருக்காங்க."

"பஸ் ஓட்டவே எனக்கு ஆறு வாரம் ஆச்சுடா. உன்ன மனுஷனாக்க ஏதாவது வகுப்பு இருக்கான்னு அவரயே கேளு."

வேண்டி வந்தவனை ஆர்வில் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் நான்கு சுற்றாக நடக்கும் அன்றைய வழிபாடு லவோனாவுக்காக. அக்கா மகள். அவளுடைய மகன் செத்து ஒரு வருஷம். துக்கம் முடிக்கும் நாள். இந்த ஒரு வருஷமும் பையன் பெயர் அவள் வாயில் வரவே இல்லை.

"ரெண்டாவது சுத்துல அவன் பேரச் சொல்லி வேண்டிக்கிறேன் மாமா. நீங்க ஊத்துனா சொல்லிடுவேன்" என்றிருந்தாள்.

முதல் சுற்று. கதவுத் துணி விழுந்தது, கும்மிருட்டு. பாட்டு தொடங்கியதும் பிரென்ட் பக்கத்து ஆளுக்கு அதன் அர்த்தத்தை விளக்க ஆரம்பித்தான். சீச்சீ! பிறகு சத்தமாகவே சொன்னான்: "எங்க குடில்ல இதவிடச் சூடா இருக்கும்."

ஆர்விலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடுடா நாயே, அலறிக்கிட்டு ஓடு. ஒரு அகப்பை, இன்னொன்று, இன்னும் இரண்டு. ஆவி காதைப் பொசுக்கியது. யாரோ இருமினார்கள். அவர் நிறுத்தவில்லை.

"எல்லா உறவுகளுக்காகவும்!"

சூடு தாங்காதவர் அதைச் சொன்னால் கதவைத் திறந்தாக வேண்டும். சொன்னது பிரென்ட் இல்லை. லவோனா தவழ்ந்து வெளியே போய்ப் புல்லில் வாந்தி எடுத்தாள். ஆர்வில் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார்.

"மன்னிச்சிடுங்க மாமா. எனக்குத்தான் தெம்பு இல்ல."

அதற்குள் வெந்த இறால் மாதிரி வெளியே வந்த பிரென்ட் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினான். "பிரமாதம் சார்! இதான் நிஜமான சூடு!"

த்தூ! ஆர்விலுக்கு இப்போது தன் மேலேயே அருவருப்பு வந்தது. ரெண்டு நாள் வகுப்புக்காரன்கூட இப்படிச் செய்திருக்க மாட்டான்.

"உன்மேல தப்பு இல்லம்மா. இவன வெளிய விரட்டணும்னு, கோவத்துல ஊத்திட்டேன்."

லவோனா வாயைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"என் புள்ளைக்காகத்தான கேட்டேன்? நீங்க உள்ள இவனோட சண்டையா போட்டுட்டு இருந்தீங்க?"

அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"வேற யாராவது ஊத்துறதா இருந்தா சொல்லி அனுப்புங்க. வரேன்."