மாற்றித் தரப்படும்

போன சனிக்கிழமை ஒரு நாயைக் கொடுத்து, வேறொரு நாயை வாங்கிக்கொண்டு வந்தேன். ஓம்... அளவு சரியில்லாத சப்பாத்தைக் கடையில் மாற்றுகிறோமே, அப்படித்தான்.

வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஊரில் உள்ளவர்களையெல்லாம் குறை சொல்கிறவள் நான். இந்த வாரம் என் முறை.

கல்பிட்டி வீதியோரத் தென்னந்தோட்டத்துக்குள் எங்கள் வீடு. கணவர் வெளிநாட்டில்; நான் இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். காவலுக்கு ஒரு நாய் வேண்டுமென்று, சிலாபம் பக்கத்தில் நாய் வளர்த்து விற்கிற ஒருவரிடம் ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்கினேன். பெயர் ரெக்ஸ். தடுப்பூசிக் கார்டோடு ஒரு கடதாசியும் தந்தார் — ஒரு வருடத்துக்குள் பரம்பரை வருத்தம், அதாவது தாய் தகப்பன் வழி நோய், ஏதும் தெரிந்தால், வேறு குட்டி மாற்றித் தரப்படும்.

உயிருக்கே உத்தரவாதம்! பெற்ற பிள்ளைக்கு யார் தருகிறார்கள்?

எட்டாம் மாதம் ரெக்ஸ் முயல்போல ஓடத் தொடங்கினான். பின்கால் இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு பாய்ச்சல். நான் சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். பிறகு படி ஏற மறுத்தான். படுத்தால் எழும்பச் சிரமப்பட்டான். கேட் சத்தம் கேட்டால் மட்டும் எப்படியோ எழும்பி, ஆடி ஆடி வந்துவிடுவான்.

புத்தளத்தில் மிருக வைத்தியர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "இடுப்பு மூட்டு ரெண்டும் சரியாப் பொருந்தேல்ல. இது அடிபட்டு வந்ததில்ல டீச்சர், தாய் தகப்பனிட்ட இருந்து வாறது."

"சுகமாகுமா?"

"முழுசா ஆகாது. ஆனா மருந்து குடுத்து, உடம்பு வைக்காமப் பார்த்துக்கொண்டா, கன வருசம் இருப்பான்."

கன வருசம்... எனக்கு அது ஆறுதலாகக் கேட்கவில்லை. வேலையாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து அந்தக் கடதாசியைத் தேடி எடுத்தேன்.

சனிக்கிழமை ரெக்ஸையும் ஏற்றிக்கொண்டு சிலாபம் போனேன். சிலாபத்துக்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "சொன்னா சொன்னதுதான் மிஸ். புதுக்குட்டியைப் பாருங்க."

குட்டிகளுக்குப் பக்கத்தில் தாய் படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பியது. முன்கால்களை ஊன்றி, இடுப்பை இழுத்து, மெதுவாக... ரெக்ஸ் எழும்புகிற அதே மாதிரி. அவனைப் பெற்றதும் அதுதான். இந்தக் குட்டிகள் அதன் அடுத்த ஈற்று.

பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை. ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

அவர் கேட்டைத் திறந்தார். அந்தச் சத்தத்துக்கு ரெக்ஸ் எழும்பப் பார்த்தான். நான் போவதற்காகத் திறந்த கேட் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, சித்தி என்று பெயர், எங்களுக்கு ராத்தா, கேட்டா, "என்ன டீச்சர், ரெக்ஸக் காணல்ல?"

ராத்தா நாயைத் தொடமாட்டா. ஐந்து நேரமும் தொழுகிற மனிசி. ஆனால், மீன் வெட்டினால் தலையெல்லாம் வேலிக்கு மேலால் ரெக்ஸுக்குத்தான் வரும்.

"பரம்பரை வருத்தம் ராத்தா. குடுத்து மாத்தியாச்சு."

ராத்தா வேலியில் கையை ஊன்றினா. "எங்கட வாப்பாட சீனி வருத்தம் எனக்கு வந்திரிக்கி. மூத்த மகளுக்கும் வந்திரிக்கி. எங்கள எங்க டீச்சர் கொண்டு போய் மாத்துற?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை பிறந்தால் மூக்கு ஆருடையது, நிறம் ஆருடையது என்று ஆசையாகத் தேடுகிறோம். நோவும் அதே வழியாகத்தானே வருகிறது? அதைக் கண்டதும் மட்டும் பழுதான சாமான் என்கிறோம்.

ரெக்ஸைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை சிலாபத்துக்குப் போன் எடுத்தேன். "ரெக்ஸைத் திருப்பித் தருவீங்களா? புதுக்குட்டியும் இருக்கட்டும், அவனையும் நான் வச்சுப் பார்க்கிறேன்."



"அண்டைக்குப் பின்னேரமே ஊசி போட்டு முடிச்சாச்சு மிஸ். நொண்டி நாயை நான் வச்சு என்ன செய்யிறது? நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பனே..."

அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்காமல் வந்தவள் நான்தான்.

ராத்தா இன்றைக்கும் கேட்டா, எப்போது கூட்டிக்கொண்டு வருவீர்கள் என்று. இன்னும் சொல்லவில்லை.

புதுக்குட்டி முற்றத்தில் ஓடித் திரிகிறது. இப்போதைக்கு நாலு காலும் நேராகத்தான் போகின்றன. நாளைக்கு இவன் நொண்டினால்... இந்த முற்றத்திலேயே நொண்டட்டும்.