பேனட் சூடா இருந்திச்சு

எங்க வூட்டுக்காரருக்கு வாயில வராத வார்த்தை ஒண்ணு உண்டு. வேணாம்ங்கிற வார்த்தை. பந்தியில இன்னும் கொஞ்சம் சோறு வைக்க வந்தா, கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். அவங்களும் கொட்டிட்டுப் போயிடுவாங்க. நான் அதுக்கு நேர் எதிர். என் வாய்க்குப் பயந்து காக்கா கூட எங்க கூரையில உட்காராதுன்னு என் நாத்தனார் சொல்லுவா. சொல்லிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

அது எழுபதுகளோட கடைசி. படப்பையிலிருந்து ஒரகடம் போற வழியில எங்க ஊர். கம்பெனியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, கழனியும் ஏரியும்தான். அவர் லாரி டிரைவர். மொதலாளிக்கு உடம்பு முடியாமப் போய் லாரியை வித்துட்டார், இவருக்கு வேலை போச்சு. பழக்க தோஷம், விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சட்டையை மாட்டிக்கினு வாசல்ல உட்காருவார். எங்கேயும் போக மாட்டார். தட்டுல போட்ட சோறு போட்டபடி இருக்கும்.

அப்பத்தான் சுங்குவார்சத்திரத்துல பழைய சின்ன லாரி ஒண்ணு விலைக்கு வருதுன்னு சேதி வந்திச்சு. அதை வாங்கினா எங்க பக்கத்துக் கத்திரிக்கா, வெண்டைக்கா மூட்டையெல்லாம் மெட்ராஸ் மார்க்கெட்டுக்கு நாமே ஏத்திப் போகலாம். வாங்க வழி? ஏரிக்குக் கீழே எங்கப்பா எனக்குக் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்த கழனி இருந்திச்சு. மெட்ராஸ்காரர் ஒருத்தர் அதை ரொம்ப நாளா கேட்டுக்கினே இருந்தார். "வித்துடலாம்"னு சொன்னது நான்தான். திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் போறதா பேச்சு. சனிக்கிழமை காலையில வண்டி பாக்கக் கிளம்பினோம். வண்டி மோசமா அமைஞ்சா கழனியும் போச்சு, சோறும் போச்சு. அது ரெண்டு பேருக்குமே தெரியும்.

பழைய வண்டி பாக்கறவங்க விடியற நேரத்துக்கே போயிடணும். ராத்திரியெல்லாம் குளிர்ந்து கிடந்த இன்ஜின் எப்படிக் கிளம்புதோ அதுதான் அதோட லட்சணம். இருமி இருமிக் கிளம்பினா உள்ள சீக்குன்னு அர்த்தம். அதை மறைக்கத்தான் விக்கிறவன் முன்னாடியே ஒரு தரம் ஓட்டிச் சூடாக்கி வெச்சிருப்பான். அதனால மொதல் காரியமா பேனட்டைத் தொட்டுப் பாப்பாங்க. எங்க வூட்டுக்காரர் எத்தினியோ பேருக்கு வண்டி பாத்துக் கொடுத்திருக்கார். வேணாம்னுதான் சொல்ல வராதே, வண்டி சரியில்லன்னா தலையைச் சொறிவார். அவர் தலையைச் சொறிஞ்சா, கூட வந்தவங்க வண்டியை விட்டுட்டுத் திரும்பிடுவாங்க.

சுங்குவார்சத்திரத்துல வண்டி பளபளன்னு நின்னுது. புதுசா பச்சைப் பெயின்ட். மட்கார்டுல ரெண்டு கையளவு இடம் மட்டும் மழமழன்னு இருந்திச்சு, அடிபட்ட பள்ளத்துல பட்டி பூசி மறைச்சிருந்தாங்க. இவர் பேனட் மேல கையை வெச்சார். டக்குனு எடுத்துட்டார். கை சுட்டிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. "இப்பத்தான் பால் ஏத்தியாந்தேன் தம்பி"ன்னார் விக்கிறவர். நான் இவரோட கையையே பாத்துக்கினு நின்னேன். அந்தக் கை தலைக்குப் போகல, பேன்ட் பாக்கெட்டுக்குள்ள போச்சு. சரி, மனுஷனுக்கு வண்டி பிடிச்சுப் போச்சுன்னு நெனச்சேன். ஊரே தாங்காத என் வாய் அன்னைக்கு இறுக்கி மூடிக்கிச்சு. அவர் முகத்துல கொஞ்சம் வெளிச்சம் வந்தா இன்னும் நாலு கழனி கூட விப்பேன், அப்படி ஒரு நெலைமை எனக்கு.

அவர் ஒண்ணே ஒண்ணு கேட்டார். "எங்க ஊரு ஏரிக்கரையில ஒரு தரம் ஏத்திப் பாத்துடறேன்." எங்க பக்கம் எல்லாம் தட்டைப் பூமி, ஏரிக்கரைதான் எங்களுக்கு மலை. விக்கிறவர் மொனகினார், ஆனா வண்டி வித்துப்போச்சுங்கிற நெனப்புல கூடவே வந்தார்.

ஊருக்கு வந்தா, தெருவே பட்டுப்புடவை கட்டிக்கினு நிக்குது! எங்க தெருவுல யார் வண்டி வாங்கினாலும் மொதல் சவாரி மாதா கோயிலுக்கு, தெரு சனம் மொத்தமும் ஏறும். வண்டி வரப்போவுதுன்னு முந்தின நாளே நான் தண்டோரா போடாத குறையா சொல்லி வெச்சிருந்தேன். "அண்ணி, எனக்கு முன் சீட்டு"ன்னு நாத்தனார் அடிச்சிப் பிடிச்சு ஏறினா. மீதிப் பேர் பின்னாடி. நானும் பின்னாடிதான், காய்கறி மூட்டை மேல உட்கார்ந்து போய்ப் பழகினவ.

கரையில பாதி தூரம் ஏறிச்சு. அதுக்கப்புறம் இன்ஜின் கத்துது, வண்டி நகரல. கிளச் கருகற நாத்தம் குப்புனு வந்திச்சு. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அது பேருக்குத்தான் இருந்திச்சு போல, வண்டி மெல்ல பின்னாடி உருள ஆரம்பிச்சிச்சு. "மாதாவே!"ன்னு ஒரே கூச்சல். பின்னாடி பாத்தா நேர் கீழே என் கழனி. இவர் பிரேக்கை அழுத்தி மிதிச்சிக்கினு "கல்லு போடு, கல்லு போடு"ன்னு கத்தறார். ஆம்பளைங்க குதிச்சு, சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாங்க. நின்னுது. ஒருத்தருக்கும் கீறல் கூட இல்ல.

"இத்தினி பேரை ஏத்தினா எந்த வண்டிம்மா ஏறும்?"னு கரைக்குக் கீழே நின்ன விக்கிறவர் ஓடி வந்தார்.

அவ்வளவுதான், என் வாய் திறந்துக்கிச்சு. "ஏன்யா, கத்திரிக்கா மூட்டை இதைவிடக் கம்மியாவா கனக்கும்? காலங்காத்தால சூடு பண்ணி வெச்சிட்டு பால் ஏத்தியாந்தேன்னு கதை வுடறியா? எடுய்யா வண்டிய!" இவர் சாவியை விக்கிறவர் கையில வெச்சிட்டு எறங்கினார். அவரும் வண்டியைப் பின்னாலேயே மெல்ல எறக்கிக்கினு போய்ச் சேர்ந்தார்.

"கட்டின பொடவை வீணாப் போவ வாணாம், நடந்தே போலாம் வாங்க"ன்னு நாத்தனார் சிரிச்சிக்கினே எல்லாரையும் ஓட்டிக்கினு போனா. கரையில நாங்க ரெண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"பேனட்டு சுட்டிச்சே, அப்பவே தெரியும் இல்ல? ஏன் தலைய சொறியல?"ன்னு கேட்டேன்.

"நீ பாத்துக்கினுதானே இருந்த. நீ ஏன் சும்மா இருந்த?"

"உங்களுக்கு ஆசைன்னு நெனச்சேன்."

"உனக்குத்தான் ஆசைன்னு நான் நெனச்சேன். அப்பா குட்த்த கழனியவே தரேன்னு நிக்கற, தெரு பூரா சொல்லிட்டு வேற வந்துட்ட. அதுக்கப்புறம் நான் இன்னான்னு தலைய சொறியறது? அதான், வண்டியே சொல்லட்டும்னு கரைக்கு ஓட்டியாந்தேன். அது இப்டி உருளும்னு நெனக்கல." பேன்ட்டுல ஒட்டின மண்ணைத் தட்டிக்கினே, "வல்லத்துல செங்கல் சூளைக்கு டிரைவர் கேட்டுக்கினு கீறாங்க. நாளான்னிக்கிப் போறேன்"னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்திச்சு. அன்னைக்கு மத்தியானம் சட்டியில மிச்சம் வைக்காம சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலையில மெட்ராஸ்காரர் காரை ரோட்டுல நிறுத்திட்டு வரப்பு மேல நடந்து வந்தார். சூளைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி இவர் கழனிக்குத் தண்ணி கட்டிக்கினு இருந்தார். நான் முந்தானையை இடுப்புல சொருகிக்கினு, என்னென்ன பேசணும்னு மூச்சை இழுத்து ரெடியா நின்னேன்.

"வேணாம் சார். நாங்க விக்கல."

சொன்னது இவர். கை மம்பட்டியிலேயே இருந்திச்சு, தலைக்குப் போகவே இல்ல. நான் இழுத்த மூச்சை அப்படியே விட்டுட்டு, வாயைத் திறந்தா அழுதுடுவேன்னு குனிஞ்சு களை பறிச்சேன்.