செல்லம் விட்ட உதை

போன வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெண்குதிரை பின்னங்காலைத் தூக்கி உதைத்தது. பக்கத்தில் நின்ற கதிரேசு மாமா ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

உதையைப் பார்த்து எவராவது ஆனந்தப்படுவார்களா? கேளுங்கள்.

மாமா வெள்ளவத்தையில் எனக்கு அடுத்த வீடு. பென்ஷன்காரர். ஊரெல்லாம் மோட்டார் கார் வாங்க, இவர் மட்டும் செல்லம் இழுக்கும் வண்டியில்தான் போவார். செல்லத்துக்கும் வயது ஏறுகிறது. அதன் வயிற்றில் ஒரு குட்டியைக் கண்டுவிட வேண்டும் — மாமாவுக்கு அந்த ஒரே ஆசைதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு முஸ்லிம் நானாவிடம் ஆண்குதிரை இருக்கிறது. செல்லம் ஆசை வந்து வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று செய்தி போனால், "சுணங்காமக் கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவார். மாமாவோ பஞ்சாங்கத்தை விரிப்பார். கரிநாள்... அட்டமி... நவமி... நல்ல நாள் பார்த்துப் போய்ச் சேரும்போது செல்லம் ஆண்குதிரையைக் கிட்டவே விடாது. இரண்டு தரம் இதே கூத்து!

மிருக வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார்.

"முட்டை முதிரேக்கை ஒரு ஹோர்மோன் ரத்தத்திலை ஏறும், ஐயா. அப்பதான் அதுக்கு ஆசை வரும். முட்டை வெளியிலை வந்தா ஒரு நாள்கூடத் தாங்காது. பிறகு வேறை ஹோர்மோன் ஏறிடும். கிட்டப் போனா உதைதான். அது உங்கடை பஞ்சாங்கத்தைக் கேட்டே ஏறுது?"

மூன்றாம் தரமும் செல்லம் வாலைத் தூக்கியது. அன்றைக்கென்று அட்டமி! "நாளையிண்டைக்குப் பாப்பம்" என்று மாமா இழுத்தார். மாமி எழும்பிவிட்டார்.

"நீங்கள் பஞ்சாங்கத்தைப் பாருங்கோ. நான் குதிரையைப் பாக்கிறன்."

நான்தான் வண்டியைப் பூட்டினேன். தெருமுனை வரை போயிருப்போம்... "நில்லுங்கோ, நில்லுங்கோ" என்று ஓடிவந்து மாமாவும் ஏறிக்கொண்டார். அன்றைக்குச் செல்லம் ஆண்குதிரையைக் கிட்ட விட்டது.

மூன்று கிழமை கழித்து, போன வியாழக்கிழமை, நானா ஆண்குதிரையை வெள்ளவத்தைக்கே கொண்டுவந்து காட்டிப் பார்த்தார். சினைப்படாவிட்டால் செல்லம் மறுபடி வாலைத் தூக்கியிருக்கும். அதுதான் உதைத்துவிட்டதே!

"மாமி, அண்டைக்கு எங்கையிருந்து வந்தது உந்தத் துணிவு?" என்று கேட்டேன்.

"நல்ல நாள் பாத்துப் பாத்தே முப்பது வருசம் போச்சு, தம்பி. எங்கடை வீட்டிலை ஒரு தொட்டில் ஆடேல்லை. இதின்ரை வயிறாவது நிறையட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மாமா கண்ணைத் துடைத்துவிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது சரியான ராகுகாலம் — மனுஷன் கவனிக்கவே இல்லை!