அக்கா ஒப்புக்கொள்ளவில்லை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்த நாளில், வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நல்லதை மட்டும் எழுது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால் அக்காவுக்கு நான் செய்த கெடுதல் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பிறந்தது பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா காலமானபோது அக்கா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தார். மறுமாதமே பஞ்சாலைக்குப் போய்விட்டார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பத்தாவது முடித்தேன், தட்டச்சு ஹையர் பாஸ் செய்தேன். பெண் கேட்டு வந்தவர்களிடம் எல்லாம், "தங்கச்சி படிச்சு முடிக்கட்டுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு வயதாகிவிட்டது.

தொண்ணூற்றாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் ஊர்த் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அக்கா நின்றார், ஜெயித்தார். ஷிப்டு முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போவார். என்னென்ன பேச்சுக் கேட்டார் என்று இங்கே எழுதப் போவதில்லை. பேசியவர்களில் சிலரும் இதை வாங்கிப் படிப்பார்கள். படிக்கட்டும்.

மறுவருஷக் கோடையில் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. எங்கள் தெருவில் நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை. பணம் எடுக்க முதலில் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். "கொடமெல்லாம் காஞ்சு கெடக்குதுங்க. தீர்மானத்த அப்புறம் போட்டுக்கலாமுங்க" என்று சொல்லி, பஞ்சாயத்து நிதியில் செலவு செய்து மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பியில் காயில் கட்ட வைத்தார், குழாயும் மாற்றினார். காயில் கட்டிய கடைக்காரர் பில்லுக்குப் பதில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அது போதாதா? தலைவர் பணத்தைத் தின்றுவிட்டார் என்று மொட்டைக் கடிதம் போனது. கலெக்டர் ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது.

அக்கா சொல்லச் சொல்ல நான்தான் விளக்கத்தைத் தட்டச்சு செய்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னார். கடைசியில், அவரைக் கேட்காமலே நான் ஒரு வரி சேர்த்தேன்: 'தவறு ஏதேனும் நேர்ந்திருப்பின் பெரிய மனதுடன் பொறுத்தருள வேண்டுகிறேன்.' வயிறு நிறையச் சோறு போட்டுவிட்டும், குறையிருந்தால் மன்னித்துக்கொள்ளச் சொல்கிறவர்கள்தானே நாம்? மேலதிகாரிக்கு எழுதுகிறோம், மரியாதையாக முடிப்போம் என்று நினைத்தேன். பாவி நான்.

விசாரணை அதிகாரி கடைக்காரரைக் கூப்பிடவில்லை. மோட்டாரை வந்து பார்க்கவில்லை. 'தலைவரே தம் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியுள்ளார். ஆகவே நிதி முறைகேடு நிரூபணமாகிறது' என்று அறிக்கை எழுதிவிட்டார். அக்காவின் பதவி போனது.

அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "ஏங் கண்ணு, நாம எப்பக் கண்ணு ஒத்துக்கிட்டோம்?" என்று கேட்டார்.

"அந்தக் கடைசி வரி... நானாத்தான் சேத்துப்போட்டேனுங்க்கா" என்று அழுதேன்.

தாளைத் திரும்ப வாங்கி மடித்தார். "மருவாதையாத்தான எழுதியிருக்கற. உடு, அழுவாத" என்றார். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

சென்னை ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டோம். வழக்கு நடந்த காலமெல்லாம் அக்கா தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போகவில்லை. அவர் போட்ட குழாய்தான். ஆனாலும் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று என்னை அனுப்புவார். அதற்குள் வயிற்றில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

தீர்ப்பை வக்கீலே கட்டிலருகில் வந்து படித்துச் சொன்னார். மரியாதைக்கு எழுதிய வரியைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ள முடியாது, வேறு எந்தச் சான்றையும் அதிகாரி பார்க்கவே இல்லை, ஆகவே பதவி நீக்கம் ரத்து, வேண்டுமானால் முறைப்படி மறுபடியும் விசாரிக்கலாம். நான் சந்தோஷத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஏனுங்க வக்கீலய்யா, நான் காசத் திங்கலைன்னு அதுல எங்கயாச்சும் போட்டிருக்குதுங்களா?"

"இல்லீங்க அம்மணி. விசாரிச்ச மொறை சரியான்னு மட்டுந்தான் கோர்ட்டு பாக்கும். தின்னீங்களா இல்லையாங்கறதுக்குள்ள அது போகாதுங்க."

"அப்ப மறுபடி விசாரிக்கச் சொல்லுங்க. நான் வாரேன். கடைக்காரரையும் கூட்டியாரேன்."

அடுத்த மாதம் போய்விட்டார். மறு விசாரணை நடக்கவே இல்லை. போனவரை யார் கூப்பிட்டு விசாரிப்பார்கள்? காரியத்துக்கு வந்திருந்த கடைக்காரர், "என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனுங்களே" என்று என்னைவிட அதிகமாக அழுதார்.

கடைசி வரை கட்டணம் வாங்காத வக்கீல் அண்ணனுக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்து அக்காவைப் பார்த்துக்கொண்ட மில் தோழிகளுக்கும், அடக்கத்தன்று வெயிலில் கூடவே நடந்து வந்த எங்கள் தெருவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எந்த அதிகாரியும் எழுதாததை நான் எழுதுகிறேன்: அக்கா ஒரு பைசா தின்னவில்லை.

இந்த மலரின் புரூஃப் வந்தபோது, எல்லா மலரிலும் போடுவதுபோல, 'பிழை இருப்பின் பொறுத்தருள்க' என்று கடைசியில் அச்சகத்தார் தாமாகவே சேர்த்திருந்தார்கள். அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன்.