ஒயிலுக்காக அணைத்த கற்பூரம்

மிளகு உதிர்க்கும் மெஷினுக்கு ஒரு எஞ்சின் தேடி மாத்தளைக்குப் போனேன். பழைய ஜப்பான் சாமான் விற்கும் கடையில் நாலைந்து எஞ்சின்கள் கிடந்தன. ஒன்றின் மூடியில் ஆறு முனையோடு ஒரு வெள்ளைச் சின்னம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நமக்கு விளங்காத எழுத்து. நான் முருகனைக் கும்பிடுகிறவன். ஆறு முனையைக் கண்டதும் அவன் சக்கரம் என்று மனம் சொல்லிவிட்டது. அதற்குமேல் நான் எதையும் பார்க்கவில்லை. இரத்தோட்டைக்கு ஏற்றி வந்து, சின்னத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துத்தான் ஓடவிட்டேன்.

ஓட்டியது என் மச்சான். மனைவிக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். என் மகளுக்குத் தாய்மாமன். காலையில் த்ரீவீலர் ஓட்டுவான், பகலில் வந்து மெஷினைப் பார்ப்பான். எஞ்சினுக்கு ஒயில் மாற்றுவதும் அவன்தான். புது ஒயில் தேன் நிறத்தில் இருக்கும். மூன்று நாள் மிளகு அடித்தபின் அளவுக் கம்பியை உருவினால் தார் மாதிரி வரும். முதல் தடவை பேசாமல் இருந்தேன். இரண்டாம் தடவை கேட்டேன்.

"ஏன் மச்சான், மூணு நாளையில ஒயில் இப்பிடிக் கறுக்குமா?"

"எனக்கும் வெளங்கல மச்சான். பழைய எஞ்சின்தானே, வயித்துல அழுக்கு இருக்கும்."

"அழுக்கு எஞ்சின் வயித்துலயா, ஒன் த்ரீவீலர் வயித்துலயா?"

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். நான் விளையாடவில்லை. புது ஒயிலைத் த்ரீவீலருக்கு ஊற்றிக்கொண்டு, அதில் வடித்த பழையதை நம் எஞ்சினுக்கு ஊற்றுகிறான் என்று எனக்குள் ஒரு கதை தயாராகிவிட்டது.

மூன்றாம் தடவையும் கறுத்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பூசைத் தட்டோடு மெஷின் கொட்டிலுக்குப் போய், அந்தச் சின்னத்துக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தினேன். எங்கள் ஆட்களிடம் ஒருவன்மேல் சந்தேகம் வந்தால், எரிகிற கற்பூரத்தை அவன் உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்யென்றால் அவன் குடும்பம் விளங்காது.

"ஒயில நீ எடுக்கலன்னா அடி மச்சான்."

மனைவி ஓடி வந்தாள். "ஒரு போத்தல் ஒயிலுக்கா எந் தம்பிய சாமி முன்னுக்கு நிப்பாட்டுறீங்க?"

அவன் அவளைப் பேசாமலிருக்கச் சொன்னான். என்னைப் பார்த்தான். "நான் எடுக்கல. ஆனா அடிச்சிட்டேன்னா பெறகு இந்தப் பக்கம் வரமாட்டேன். யோசிச்சிச் சொல்லுங்க."

"குத்தம் இல்லாதவனுக்கு என்னடா யோசனை?"

அடித்தான். உள்ளங்கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு மெஷினை நானே ஓட்டினேன். மூடி உடைக்காத போத்தல் வாங்கி, என் கையாலேயே ஊற்றி, கொட்டிலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். நாலாம் நாள் கம்பியை உருவினேன். அதே தார். கம்பியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எஞ்சினை உக்குவளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனேன். அவர் வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு ஒயில் விட்டு வெயிலில் பிடித்தார், முகர்ந்தார்.

"கறுப்பப் பாத்து பயப்படாதீங்க அண்ணே, ஒயில்னா கறுக்கும். தண்ணி சேந்தா பால் மாதிரி வரும், அது இல்ல. பெட்ரோல் மணமும் இல்ல. இத விரல்ல தேச்சுப் பாருங்க."

தேய்த்தேன். நறநறவென்றது. நானா எஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே வெறும் கூடு.

"காத்து வடிக்கிற பில்டர் எங்க?"

"நான் எடுக்கல நானா."

சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று உறைத்தது.

"வச்சிருந்தாத்தானே எடுக்க. இது ஐஸ் கொட்டுற நாட்டுல ஐஸ் தள்ளுற மெஷின்ட எஞ்சின். அங்க ஐஸ் கொட்டுற காலத்துல ஏது தூசி? பில்டர் வச்சா ஐஸ் ஒட்டி அடைச்சிக்கும், அதனால வைக்கிறதில்ல. இங்க ஒங்கட மிளகுத் தூசி பூரா இதுக்குள்ள போயிருக்கு." சின்னத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். "இந்தா, ஐஸ் பூ. விழுற ஐஸ் இப்பிடித்தான் ஆறு முனையில இருக்கும். மூடியிலேயே போட்டிருக்கானே. இதுக்கு ஏன் சந்தனம் பூசினீங்க?"



மறுநாள் வெற்றிலை, பழத்தோடு மச்சான் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னான். தூசி, பில்டர், ஐஸ் பூ எல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். முழுவதையும் கேட்டான்.

"கராஜ் நானா சொன்னதும் நம்பிட்டீங்க. நான் சாமி முன்னுக்குச் சொன்னேன், அது பத்தல."

வெற்றிலையைத் தொடவில்லை.

இப்போது பில்டர் போட்டாயிற்று. ஒயில் வாரக் கணக்கில் தாராகாமல் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கோயிலில் கற்பூரத் தட்டு என்னிடம் வரும்போது கும்பிடுகிறேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை போவதில்லை.

தையில் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அவளுக்காக மச்சான் வந்தான். தாய்மாமன் செய்ய வேண்டிய சீர் ஒன்றையும் குறைக்கவில்லை. பிள்ளையை அணைத்து அழுதான். அக்கா நீட்டிய தண்ணீரை வாங்கி, குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

பந்தியில் அவனுக்கு ஒரு இலை போட்டு வைத்திருந்தோம். யாரோ அதில் உட்காரப் போனார். "அது எந் தம்பிக்கு" என்று மனைவி அவரை எழுப்பிவிட்டாள். பந்தி முடியும்வரை அந்த இலை எனக்கு நேர் எதிரே வெறுமனே கிடந்தது.