தலைப் படத்தின் ஓரம்

போன வருடம் மழைக்காலம். கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறி, கம்பளை பஸ் பிடிக்க நடந்துகொண்டிருந்தேன். நெற்றியில் தையல். என் உடுப்பெல்லாம் இரத்தமாகிவிட்டதால் வார்டில் கொடுத்த சாரத்தைக் கட்டியிருந்தேன். கம்பளையில் ஒரு மொத்தக் கடைக்கு மறுநாள் அரிசி லொறி வருவதாக இருந்தது. அந்த வேலையைப் பிடித்துவிட்டால் ஒரு கிழமைச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. மாத்தளை, அக்குறணை, கண்டி என்று எங்கே லொறி நிற்கிறதோ அங்கே நாட்டாமை வேலை, அதாவது தலையில் மூட்டை சுமப்பது. முந்தின நாள் ஈரப் பலகையில் கால் வழுக்கி, உருளைக்கிழங்கு மூட்டையோடு விழுந்தேன். லொறியின் பின்கதவில் தலை அடித்து, கொஞ்ச நேரம் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் இரத்தக்கசிவு இல்லை, போகலாம் என்றார்கள். கழுத்து கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. மூட்டை தூக்குகிறவனுக்குக் கழுத்து பிடிக்காத நாள் எது? அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் ஓர் அம்மா பலாக்காய் மூட்டையோடு நின்றார். ஏற்றிவிடச் சொன்னார். குனிந்து மூட்டையைத் தலைக்குத் தூக்கப் போனேன். அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. என்னை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போன சிங்கள ஊழியர் இறங்கி ஓடி வந்தார். சாரத்தைக் கேட்டுத்தான் துரத்தி வருகிறார் என்று நினைத்தேன்.

"கழுவிக் கொண்டாந்து குடுத்துர்றேன் அண்ணே," என்றேன்.

அவர் மூட்டையைப் பிடித்துக் கீழே வைத்தார். "சாரம் நீயே வச்சிக்க மல்லி. தலையில ஒண்ணும் வைக்க வேணாம். மிஸ் வரச் சொல்றது."

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. பிறகு அந்த மூட்டையைத் தானே பஸ்ஸில் ஏற்றினார். அவசரப்படுத்திய கண்டக்டரை நன்றாக ஏசினார். என் கழுத்தைத் துவாய்த் துண்டால் சுற்றி ஆட்டோவில் நேராக உட்கார வைத்தார். ரோட்டில் குழி வந்தபோதெல்லாம் டிரைவருக்கும் ஏச்சு விழுந்தது.

அவர் சொன்ன மிஸ், ஸ்கேன் படங்களைப் பார்த்து முடிவு எழுதும் டொக்டர். முஸ்லிம் பெண். அதுவரை என் முகத்தை அவர் பார்த்ததில்லை, மண்டையோட்டைத்தான் பார்த்திருந்தார். போனதும் கழுத்துக்குக் கெட்டியான பட்டி போட்டு, கழுத்தையும் தனியாக ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குப் பிறகு டொக்டர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, இதுதான் மூளை என்று காட்டினார்.

"அப்ப எனக்கும் இருக்குதா மிஸ்?"

"இருக்கு தம்பி. பாவிச்ச மாதிரிதான் தெரியல்ல."

ஊழியர் பின்னாலிருந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பட்டிக்குள் சிரிக்க முடியவில்லை.

வார்டில் கேட்டது தலைப் படம்தான் என்றாலும், அதன் கீழ் ஓரத்தில் கழுத்தின் மேல்பகுதியும் விழுந்திருக்கிறது. கழுத்தின் இரண்டாவது எலும்பில் சுண்டுவிரல் நுனிபோல ஒரு முளை உண்டாம். தலை அதைச் சுற்றித்தான் திரும்புகிறதாம். என் முளை அந்த எலும்போடு ஒட்டாமல் தனியாக நின்றது. நேற்று உடைந்ததாக இருந்தால் விளிம்பு உடைந்த பீங்கான்போலக் கூராக இருக்கும், உங்களுடையது ஆற்றுக்கல்போல மழுங்கியிருக்கிறது, பழைய சங்கதி என்று விளக்கினார். சின்ன வயதில் விழுந்தீர்களா என்று கேட்டார். கொய்யா மரத்திலிருந்து விழுந்ததும், எண்ணெய் போட்டுக் கழுத்தை உருவிவிட்டதும் நினைவுக்கு வந்தன. சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

அவர் வார்டுக்குப் போன் எடுத்தபோது நான் போய்விட்டிருந்தேன். ஆளைத் தெரியுமா என்று ஊழியரிடம் கேட்டிருக்கிறார். நாளைக்குக் கம்பளையில் அரிசி இறக்கப் போகிறேன் என்று நான் அந்த ஊழியரிடம் பெருமையடித்திருந்தேன். அதைக் கேட்டதும்தான் ஆட்டோ பிடித்துத் துரத்தச் சொல்லியிருக்கிறார்.

"இத்தன நாளும் ஒண்ணும் ஆகாதது ஆண்டவன்ட காவல். இனி ஒரு மூட்டை வச்சாலும் கழுத்துக்குக் கீழ அசையாமப் போகலாம்," என்றார்.

"அப்ப நான் என்ன வேல செய்றது மிஸ்?"

"அது எனக்குத் தெரியாது தம்பி. உக்காந்து செய்ற வேலையாப் பாருங்க. கை கால் அசையுதே, தேடலாம்," என்றார். பொய்யாக ஆறுதல் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது.

சில நாள் வைத்துப் பார்த்தார்கள். நரம்பு நசுங்கவில்லை, இப்போதைக்குச் சத்திரசிகிச்சை வேண்டாம், பட்டியோடு கிளினிக் வரவேண்டும், தலையில் எதையும் சுமக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் காலை அக்குறணையில் ஒரு பலசரக்குக் களஞ்சியத்தில் போய்க் கேட்டேன். முதலாளி என் பட்டியை மேலும் கீழும் பார்த்தார். "கழுத்து திரும்பாதா? நல்லம். ரோட்டப் பார்த்துக்கிட்டு இருக்க ஏலாது," என்று உட்காரச் சொல்லி ஒரு கதிரையைக் காட்டினார். கராம்புக் குவியலிலிருந்து தலை உதிர்ந்தவற்றைப் பொறுக்கி வேறாகப் போடும் வேலை. முதல் பிடியை அள்ளியபோது பத்து விரலும் நான் சொன்னபடி கேட்டன. அப்படிக் கேட்கும் ஒவ்வொரு காலையும், முகம் தெரியாத ஒருவனுக்காகப் பதறிய அந்த டொக்டரும் சாரத்தை என்னிடமே விட்டுவிட்ட அந்த அண்ணனும் எனக்குத் தந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.