திரௌபதியின் இறங்காத பிரஷர்

திரௌபதிக்கு யார் மேலும் லேசில் நம்பிக்கை வராது. சுனாமிக்கு அப்புறம் மரக்காணத்தில் காரில் வந்து இறங்கி, ஃபாரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! அதில் பாதிப் பேர் எதற்கு வந்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆகவே, உப்பளத்து ஆட்களுக்கு இலவச ரத்தப் பரிசோதனை என்று மேஸ்திரி வெங்கடாசலம் வந்து சொன்னதுமே அவளுக்குப் பொறி தட்டிவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. சித்திரை வெயிலில் ஒருநாள் உப்புக்கூடை சுமந்தவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வர, உப்புக் குவியலின் மறைவில் போய் உட்கார்ந்தாள். நிமிர்ந்தால் எதிரே வெங்கடாசலம். ஒன்றும் கேட்காமல் விறுவிறுவென்று போய்விட்டான். அன்றிலிருந்து தினமும் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். வயசு நாற்பத்தெட்டு, புருஷன் இல்லை. அளத்து வேலையும் போனால் சோற்றுக்கு எங்கே போவாள்? முடியாதவர்களைக் கழித்துக்கட்ட முதலாளி போட்ட திட்டம் இது, இவன்தான் அதற்குக் கையாள் என்று முடிவே கட்டிவிட்டாள். போகாவிட்டால் இன்னும் சந்தேகப்படுவான் என்றுதான் போனாள்.

போன வாரம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். இந்த வாரம், பள்ளிக்கூடத்து அறையில் பரிசோதனைக்கு வந்திருந்த டாக்டர் மெர்லின் அவளது இடது கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி, வலது கையை ஐஸ் தண்ணீர் வாளிக்குள் வைக்கச் சொன்னார்.

"எதுக்குங்க?"

"உடம்புக்கு ஒரு கஷ்டம் வந்தா பிரஷர் எவ்ளோ ஏறுதுன்னு பாக்கணும்மா. தாங்கலன்னா எடுத்துடுங்க."

இதெல்லாம் ஒரு கஷ்டமா? வெடிப்பு விழுந்த கையோடு நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் வேலை செய்கிறவள். கை மரத்துப்போனதே தவிர, பிரஷர் பெரிதாக ஏறவில்லை. திரௌபதிக்கு உள்ளுக்குள் ஏக குஷி.

அந்த நேரம் பார்த்து வெங்கடாசலம் வாசலில் தலையை நீட்டினான். டாக்டர் மறுபடி மீட்டரைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார்.

"நூத்தி எழுபத்தஞ்சா! திடீர்னு என்னம்மா ஆச்சு?"

அவள் கண் வாசலுக்குப் போனது. டாக்டர் அவனை வெளியே அனுப்பிவிட்டு, போன வாரத்து ரிசல்ட்டை எடுத்தார்.

"உங்க உடம்புல இன்சுலின் சுரக்குதும்மா, ஆனா உடம்பு அது பேச்சைக் கேக்க மாட்டேங்குது. சக்கரை இன்னும் வரல, வர்ற வழியில இருக்குது. இப்படி இருக்கறவங்க நெறய பேருக்குப் பயம் வந்தா பிரஷர் விருட்டுன்னு ஏறிடும், இறங்கத்தான் நேரமாகும். வெளியில காத்தாட உக்காருங்க, மறுபடி பாக்கலாம்."

வெளியே வேப்பமரத்தடியில் வெங்கடாசலம் அவளுக்காகவே நின்றிருந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"யம்மா திரௌபதி, மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா."

"எதைங்க?"

"அன்னிக்கு உப்புக் குவியல் பக்கம் நான் சக்கரை மாத்திரை முழுங்குனத நீ பாத்துட்டல்ல? ஆறு வருஷமா மறைச்சு வெச்சிருக்கேன். தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாரு."

"ஐய, எனக்கே அன்னிக்குக் கண்ணு தெரியல! நான் எதைப் பாத்தேன்?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவி மனுஷன், இவனுக்குப் பயந்தா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தோம்! சிரித்த முகத்தோடு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, தானாகவே கையை நீட்டினாள்.

"பயமெல்லாம் தெளிஞ்சிடுச்சுங்க. இப்பப் பாருங்க."

டாக்டர் ஒரு தரம் பார்த்தார். பட்டையை அவிழ்த்துக் கட்டி இன்னொரு தரம் பார்த்தார். நூற்றி அறுபத்தெட்டு.

"அந்த ஆளு என்னை ஒண்ணும் பண்ண மாட்டாருங்க, எனக்கே தெரிஞ்சுபோச்சு." சொல்லும்போதே திரௌபதிக்கு அழுகை முட்டியது. "அப்புறமும் ஏங்க இந்த உடம்பு பயந்துக்கினே இருக்குது?"